இருபத்தேழாம் கேள்வி

படிவம் ஒன்றுக்கு நூற்றிருபது ரூபாய்.
நாற்பத்தோரு கேள்விகள்.
ஒவ்வொன்றின் கீழும் ஒன்று முதல் ஐந்து வரை
வெற்று வட்டங்கள்.

கொரடாச்சேரியில் இறங்கி
வெட்டாற்றுப் பாலத்து நிழலில் டேப்லெட்டைத் திறந்தேன்.
வைகாசி. ஆற்றில் ஆடுகள் மேய்ந்தன.

வீரசேகரன், வயது ஐம்பத்திரண்டு, மூன்று மா நிலம்.
இருபத்தேழாம் கேள்வி:
தேவையே இல்லாமல் ஒரு நாளில்
எத்தனை முறை கைபேசியை எடுத்துப் பார்க்கிறீர்கள்?

"தேவையில்லாமன்னா?"

நாற்பது தடவை பார்ப்பாராம்.
கண் விழித்ததும் மேட்டூர் நீர்மட்டம்:
எழுபத்தோரு அடி.
மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து பார்த்தால்
எழுபத்தோரு அடி.
"தொண்ணூறாவது வேணும் தம்பி.
நாம பாக்குறதால ஏறப்போறதில்ல.
பாக்காம விட்டா எறங்கிடுமோன்னு இருக்கு."

அதற்கு வட்டம் இல்லை.
நான்கை அமுக்கினேன். 'அடிக்கடி.'

கூத்தாநல்லூர் ஜெரினா பேகம்
நாளைக்குப் பதினொரு மணி நேரம் வீடியோ கால் என்றார்.
அவ்வளவு நேரம் என்ன பேசுவீர்கள்?
பேசுவதில்லையாம்.
சமையல் மேடையில் மிளகாய்த்தூள் டப்பாமேல்
சாய்ந்து நின்றது போன்.
உள்ளே ஒரு மின்விசிறி சுற்றியது,
போர்வைக்கு வெளியே ஒரு பாதம்.
குவைத்தில் இரவு வேலை முடித்து
அவர் தூங்குகிறார்.

மீதிக் கேள்விகளைத் தாழ்ந்த குரலில் வாசித்தேன்,
எழுப்பிவிடக் கூடாதே என்று.
கடந்த இரண்டு வாரங்களில்
தனிமையாக உணர்ந்தீர்களா?
ஜெரினா கையைத் துடைத்துக்கொண்டு
போனில் மைக்கை அணைத்தார்.
"அஞ்சு" என்றார்.
மறுபடி மைக்கைப் போட்டுவிட்டு
வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார்.

இரவு பதினொன்று நாற்பதுக்குத்
தஞ்சாவூர் அலுவலகத்திலிருந்து செய்தி:
பதினொரு மணி நேரம் சாத்தியமில்லை,
பதிவுப் பிழையாக இருக்கும், நீக்கிவிடவும்.

மன்னார்குடி லாட்ஜில் கொசுவிரட்டி வெளிச்சம்.
நீக்கவில்லை.
குறிப்புக் கட்டத்தில் மட்டும் எழுதினேன்:
'பிழையல்ல. நானும் பார்த்தேன். மின்விசிறி ஓடியது.'
நூற்றிருபது ரூபாய் போனாலும் போகட்டும்.

பதில் வந்ததா என்று பார்த்தேன்.
சட்டையை மாட்டித் தொங்கவிட்டுவிட்டுப் பார்த்தேன்.
விளக்கணைத்துப் பார்த்தேன்.
வரவில்லை.

எடுத்த கைக்கு ஏதாவது வேண்டுமே,
மேட்டூரைப் பார்த்தேன்.
எனக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

எழுபத்தோரு அடி.