அரைப்பேர்

ஹட்டன் டன்பார் வீதி, டயர்க்கடைக்கு மேல்மாடி.
கீழே காற்றடிக்கிற மெஷின் நின்றால்தான்
எனக்கு யோசனை ஓடும்.

பத்து வருஷத்துக்கு முன் ஒருத்தன் எழுதிய செக்ரோல் மென்பொருள்.
பதினோராயிரம் வரி, ஒரே கோப்பு.
அமலதாசன். இப்போது கட்டாரில்
ஏசி பூட்டுகிறான் என்று கேள்வி.
மூலத்தை அப்படியே திறந்து வைத்துவிட்டுப் போனான்,
பெரட்டுக்குப் பிந்தியவன்
கதவைச் சாத்தாமல் ஓடின மாதிரி.

உள்ளே போய் ஒரு வரியைத் தொட்டால்
மூன்று இடத்தில் ஒழுகும்.
கொழுந்து நிறையைத் திருத்தினால்
சேமலாப நிதி குறையும்.
மழைநாளைச் சேர்த்தால்
மார்கழிக்கு முப்பத்திரண்டு நாள்.

முள்ளு குத்தித் தனியே பிரிந்து போ என்றார்கள் சிலர்.
வேரோடு பிடுங்கிப் புதுசு நடு என்றார்கள்.
கவ்வாத்து வெட்டினோம்,
முழங்கால் உயரத்துக்கு.
நடுத்தண்டில் ஆள், தேதி, தொகை. அவ்வளவுதான்.
மற்றதெல்லாம் கிளை. கிளைக்கொரு மொடியூல்,
மொடியூலுக்கு ஓர் ஆள்.

தராசை டிக்கோயா நிமலேஸ்வரன் எடுத்தான்.
சாக்குக்கென்று கழிக்கிற ரெண்டு கிலோவைத்
திரையில் சிவப்பாய்க் காட்டாமல்
அவனுடையது ஓடாது.
சேமலாப நிதி கம்பளை பஸ்மினா.
பிள்ளையைத் தூங்கவைத்து ராத்திரி ஒரு மணிக்கு அனுப்புவாள்,
குறிப்பில் ஒரே சொல்: "சரிதானா?"
சிங்களம் வெலிமடை ஹசித.
தமிழ் வாசிக்க வராது அவனுக்கு.
'கொழுந்'தில் ழு உடைந்து கிடந்ததை
முதலில் கண்டது ஆனால் அவன்தான்.
இந்த எழுத்துக்குக் கால் முறிந்திருக்கிறதே என்று
படம் பிடித்து அனுப்பினான்.

மழைக்கு மட்டும் ஆளே கிடைக்கவில்லை.
மஸ்கெலியாவில் உயர்தரம் படிக்கிற டிலுக்‌ஷன் கேட்டான்,
"அக்கா, மழைய நான் பாத்துக்கவா?"
பாத்துக்கடா என்றேன்.

ஒவ்வொரு மொடியூலின் தலையிலும் ஒரு வரி.
பராமரிப்பவர் பேர்.

கடைசியில் மிஞ்சியது நாற்பது வரி.
பதினெட்டுக்கு ஒரு கிலோ குறைந்தாலும்
பேரைப் பாதியாக்குகிற நாற்பது வரி.
அதன்மேல் மட்டும் அமலதாசன் எழுதியிருந்தான்:
கேட்டார்கள், எழுதினேன்.
சோதித்த தரவு, எங்கம்மாவின் ஜூன் மாதம்.

பதினோராயிரத்தில்
பிழையே இல்லாத இடம் அதுதான்.

நிமலேஸ்வரன் தொடமாட்டேன் என்றான்.
பஸ்மினா பதில் போடவில்லை.
அழித்துவிடுவோம் என்றான் ஹசித.
இங்கே அழித்தால் மலையில் அழியுமா?
பென்சிலால் வெட்டுவார்கள்,
எத்தனை கிலோவுக்கு வெட்டினார்கள் என்ற தடமும் இராது.
மூன்று நாள் வாக்கெடுப்பு. நாலுக்கு நாலு.
எட்டில் ஒன்று என்னுடையது,
எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன்.

இரண்டாம் பதிப்பு நேற்று வெளியானது.
மொடியூல் பதினொன்று, பேர் பத்து.
பதினொன்றாவது வெளியே கிடக்கிறது,
வேண்டியவர் எடுத்துப் பூட்டிக்கொள்ளலாம்.
பூட்டும்போது ஒரு கட்டம் திறக்கும்:
இதைப் பராமரிப்பவர் யார்?
எழுதினால்தான் ஓடும். எழுதினது
ஒவ்வொரு சம்பளச் சிட்டையின் அடியிலும் விழும்.

இன்று பத்து மணிக்கு ஃபோன்.
அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு கிளாக்கர்.
"மிஸ், அந்தக் கட்டத்துல பேரு கட்டாயமா?"
கட்டாயம்.
"இனிஷியல் மட்டும் போட்டா?"
அரைப்பேர் எடுக்காது சார்.

கொஞ்ச நேரம் அவர் மூச்சு மட்டும் கேட்டது.
பின்னால் யாரோ தேத்தண்ணி கேட்டார்கள்.
வைத்துவிட்டார்.

கீழே லொறி டயருக்குக் காற்று ஏறுகிறது.
டிலுக்‌ஷனிடமிருந்து ஒரு செய்தி:
"அக்கா, இங்க ஊத்துது.
மொடியூல் இன்னும் வெயில்னு காட்டுது. பாக்குறேன்."