பத்துக்குப் பன்னிரண்டு

மாகிம் பாலத்துச் சுவரில்
நம்பர் எழுதிவைத்த வைத்தியர்கள்
மூன்று பேரையும் பார்த்து முடித்த பிறகுதான்
சயான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
ஒருவர் லேகியம். ஒருவர் பஸ்பம்.
மூன்றாமவர் என் பதினாறு வயதைக் குற்றம் சொல்லி
நாலாயிரத்து ஐந்நூறு வாங்கினார்.

டாக்டர் கானோல்கர் பெண் என்பது
கதவைத் திறந்த பிறகே தெரிந்தது.
திரும்பவும் வழியில்லை,
பின்னால் பதினெட்டுப் பேர்.

இடுப்பு வலி என்றேன்.
பேனா நகரவில்லை.
"அப்புறம்?" என்றார்.

அப்புறம் சொன்னேன்.

"எத்தனை நிமிஷம்?"
நிமிஷமே ஆகாது மேடம்.
என் தாராவி இந்தியில் அது
பஸ் எப்போது வரும் என்று கேட்பது போலிருந்தது.
"முதலிலிருந்தா, இடையில் வந்ததா?
சர்க்கரை? தைராய்டு?
தனியாக இருக்கும்போதும் இப்படியா?"
ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பவர் மாதிரி
எழுதிக்கொண்டே கேட்டார்.
அந்தச் சாதாரணம்
எவ்வளவு பெரிய ஆறுதல்.

"வீடு எப்படி?"

பத்துக்குப் பன்னிரண்டு.
குறுக்கே கயிற்றில் ஒரு சேலை.
அந்தப் பக்கம் அண்ணன், மதினி, அவர்கள் பையன்.
மதினிக்கு இருமல் உண்டு.
அவள் இருமுவதற்குள் முடித்துவிட வேண்டும்,
கல்யாணமான முதல் வாரம் கற்றது.
அண்ணன் கல்யாணில் வீடு பார்த்துப் போய்
ஆறு வருஷமாகிறது.
சேலையை மடித்து வைத்தாயிற்று.
உடம்பு மட்டும் இன்னும்
இருமலுக்குப் பயந்துகொண்டிருக்கிறது.

பேனா அப்போதுதான் நின்றது.

ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு.
தினம் ஒன்றாகச் சின்ன மாத்திரை,
கேட்க இரண்டு வாரமாவது ஆகும்,
கொட்டாவி வந்தால் பயப்படாதே,
நீயாக நிறுத்திவிடாதே என்றார்.
பிறகு ஒரு பயிற்சி:
விளிம்பு தெரிகிறபோது நின்றுவிடு.
அடங்கட்டும். மறுபடி தொடங்கு.

புரிந்தது. நான் பை தைப்பவன்.
மூலை வந்தால் பெடலிலிருந்து காலை எடுத்து
தோலைத் திருப்பி
மறுபடி அரை அழுத்தம்.
முழுசாக மிதிக்கிறவன்
மூலையைத் தாண்டிப் போய்விடுவான்.

"மனைவி என்ன சொல்கிறார்?"

பதினோரு வருஷம்.
நான் கேட்டதில்லை.

ராத்திரி கேட்டேன்.
பாக்கியஜோதி மாத்திரை அட்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அப்ப அந்த நாலாயிரத்து ஐந்நூறு
சீட்டுல போகலியா?"
நான் பேசவில்லை.
விளக்கை அணைத்த பிறகு சொன்னாள்:
"என்னைப் பிடிக்கலன்னுல்லா நெனச்சிருந்தேன்.
அதான் சட்டுனு முடிச்சிட்டு
அங்கிட்டுத் திரும்பிப் படுக்கியன்னு."

புதன்கிழமை அவளும் வருகிறாள்.

பக்கத்துக் கோலியில் யாரோ இருமினார்கள்.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள்.
அவள் சிரித்து முடிக்கிறவரைக்கும்
நான் இந்தப் பக்கமே
திரும்பிப் படுத்திருந்தேன்.