கி.மீ. 473/8

சுத்தியலால் தட்டினால் தண்டவாளம் பேசும்.
ணங் என்றால் சுகம்.
தொப் என்றால் எங்கோ ஒரு போல்ட் இளகிக் கிடக்கிறது.
சோழவந்தான் தாண்டி சமயநல்லூர்ப் பக்கமாக
ஆறு கிலோமீட்டர் என் பொறுப்பு.

சிறுமலைக்காரர்கள் இரவில் வருவார்கள்:
"மொக்கையா, கழற்று."
மதுரைக்காரர்கள் விடிந்ததும் வருவார்கள்:
"மொக்கையா, மாட்டு."
அதே நான்கு போல்ட். அதே ஃபிஷ்பிளேட்.
துப்பாக்கியும் ஒன்றுதானோ என்னவோ,
பிடரியில் பட்டால் ஒரே குளிர்.

பத்தொன்பது நாளில் ஸ்டேஷன் ஐந்து முறை கைமாறியது.
மாஸ்டர் தனசிங் மேஜைக்குள் இரண்டு கொடி வைத்திருந்தார்,
பச்சையும் சிவப்பும் அல்ல, வேறு இரண்டு.
கொடிக்காலில் கிள்ள ஆளில்லாமல்
வெற்றிலை முற்றி மஞ்சளடித்தது.

ஊருக்குள் அரிசி இல்லையாம். மலையில் உப்பு இல்லையாம்.
வடக்கேயிருந்து ஒரு வண்டி வந்தால்
யார் தின்பது என்பதுதான் வழக்கு.

ஐப்பசி மழையில் வண்டி வந்தேவிட்டது.
பதினான்கு வேகன். முன்னால் மணல்மூட்டை அடுக்கிய ஒரு திறந்த பெட்டி.
கால்வாய்ப் பாலத்தில் சண்டை பிடித்து
வண்டி நடுவில் அறுந்தது.
எஞ்சினோடு பாதி மதுரைக்கு ஓடிப்போனது.
மீதி மலைக்கு.

சீலை உடைத்தார்கள்.
அரிசி இல்லை. குண்டும் இல்லை.
பூட்ஸ்.
அத்தனையும் இடது கால்.
திருட்டுப் போகக்கூடாதென்று எந்தப் புண்ணியவானோ
வலதை வேறு வேகனில் ஏற்றியிருக்கிறான்.

வீரணனுக்கு வலது பாதத்தில்
கருவேல முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது.
இடது பூட்ஸை வலதில் திணித்துக்கொண்டு
நாலடி நடந்து காட்டினான், வாத்து மாதிரி.
சிரித்தோம். அந்த மாதத்தில் அது ஒன்றுதான்.

மறுநாள் அதே பாலம்.
சாயங்காலம் ட்ராலியில் வைத்துத் தள்ளினேன்,
நான்கு நடை, நாற்பத்தொரு பேர்.
பிளாட்பாரத்தில் எல்லார் மேலும் ஒரே சேறு.
எவன் எந்தப் பக்கம்?
தனசிங் லாந்தரைத் தாழ்த்திக் காலைப் பார்த்துப் பிரித்தார்.
இடது காலில் பூட்ஸ் என்றால் மலை.
வலது காலில் என்றால் மதுரை.
வெறுங்கால் ஒன்பது. அவர்களைச் சுவரோரம் ஒதுக்கினார்.

வீரணன் மதுரை வரிசையில் கிடந்தான்.
அங்கே கற்பூரம் இருந்தது, வேட்டி இருந்தது,
எவனுடைய மாமனோ அழுதுகொண்டிருந்தான்.
நான் திருத்தவில்லை.

இரவு டைரியில் எழுதினேன்:
கி.மீ. 473/8. நான்கு போல்ட் காணோம்.
மற்றபடி லைன் சரி.