கம்பளி இல்லாத குளிர்காலம்

முப்பத்தோரு ஆண்டு ஆட்டுரோமம் தரம் பிரித்தவள் நெரீனா.
கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்வாள்
எது முதல் தரம்,
எது மெத்தைக்குள் திணிக்க மட்டும் ஆகும் என்று.
இந்த வருஷம் கழுத்தில் ஒரு கம்பளி நூல் பட்டாலும்
உயிர் போனது அவளுக்கு.

புன்டா அரேனாஸில் ஜூலை.
நீரிணையிலிருந்து வரும் காற்று
நாயையும் சாய்ந்து நடக்க வைக்கும்.
அவளோ பருத்திச் சட்டைமேல் பருத்திச் சட்டை,
ஐந்தாறு, வெங்காயம் மாதிரி.

சுடாத வெயில்தான் சுட்டுவிட்டது என்றார் டாக்டர் ஓயார்சூன்.
தோள் மச்சத்தை வெட்டியெடுத்த பிறகு
மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் மருந்து.
அது நேராக எதையும் கொல்லாதாம்.
உள்ளே இருக்கும் காவலர்களின்
கட்டை அவிழ்த்துவிடுமாம்.

அவிழ்ந்தவர்கள் தினவெடுத்துத் திரிந்தார்கள்.
பகைவன் அகப்படாத நேரங்களில்
முதுகில், முழங்கை மடிப்பில், விரலிடுக்கில்
வீடு வீடாகக் கதவு தட்டினார்கள்.
இரவு மூன்று மணிக்கு எழுந்து
குளிர்ப்பெட்டியில் வைத்த களிம்பைத் தடவுவேன்.
சொறியாதே என்பேன்.
"நீ வந்து இந்தத் தோலுக்குள் படு, அப்புறம் சொல்."
ஒருமுறை முள்கரண்டியோடு பிடித்தேன்,
குளியலறைக் கதவுக்குப் பின்னால்,
கேக் திருடிய பிள்ளை முகத்தோடு.

ஆகஸ்டில் சிவப்பு வயிற்றைத் தாண்டியது.
மருந்தை நிறுத்தினார்கள். ஸ்டீராய்டு மாத்திரை.
நான்காம் நாள் அரிப்பு நின்றது.
அன்றிரவு இருவருமே தூங்கவில்லை.
"சத்தமே இல்லை" என்றாள்,
குழந்தைகள் திடீரென்று அமைதியானால்
எட்டிப் பார்ப்போமே, அந்தக் குரலில்.
"அவர்களும் தூங்கிவிட்டார்களோ?"

அக்டோபரில், தோள் தழும்பை ஒட்டி
ஒரு வெள்ளைத் திட்டு.
ஓரம் பிய்ந்த தபால்தலை அளவு.
ஓயார்சூன் அறை விளக்கை அணைத்து
நீல ஒளியில் பார்த்தார்.
புற்றுக்கும், நிறம் செய்யும் செல்லுக்கும் ஒரே சாயல்,
ஒன்றைத் துரத்துகிறவர்கள் மற்றதையும் துரத்துகிறார்கள் என்றார்.
உறுதி சொல்ல முடியாது. ஆனாலும்
பலருக்கு இது நல்ல அறிகுறி.
அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம்.
ஒரு பல் தங்கம்.

பிரிவில் படர்வது பசலை.
பிரியாதிருக்கப் படர்வதற்கு
என்ன பெயர் வைப்பது?

பேருந்தில் அவள் கையைப் பிடித்தேன்.
மெல்ல, என்றாள். அங்கே அரிக்கிறது.
மறுபடியுமா?
பதில் சொல்லாமல்
விரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்,
கண்ணை மூடி,
தரம் பார்க்கிறவள்போல.