கோணிக்குள் நான்கு நம்பர் பிளேட்டுகள்

ஷேக் ஜத்ஆனின் வண்டியைப்
பதினோரு வருடம் ஓட்டினேன்.
பின்சீட்டுக்கு அடியில், கோணிக்குள்
நான்கு நம்பர் பிளேட்டுகள்.
பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம்
ஒன்றையொன்று உரசிப் புறம்பேசும்.

சோதனைச்சாவடிக்கு முன்னால்
பேரீச்சை மறைவில் நிறுத்துவேன்.
கண்ணில் புரை விழுந்தவர்.
"யார் கொடி அது, கல்லூஃப்?"
நிறத்தைச் சொல்வேன்.
அதற்குப் பொருந்தும் ஸலாமை
நாக்கடியில் எடுத்துவைத்துக்கொள்வார்.
நான் ஸ்பேனரோடு இறங்குவேன்.

முதலில் அரசாங்கம்: கைதட்டுவதற்குத்
தலைநகரில் ஒரு நாற்காலி.
பிறகு புரட்சிப் பையன்கள்.
பிறகு கறுப்புக் கொடி.
மாட்டேன் என்றது பக்கத்து ஊர்.
மூன்றே நாளில்
அங்கே ரொட்டி சுட ஆளில்லை.
நான்காம் நாள் இவர் போய்க் கைகொடுத்தார்.
அன்றிரவு அந்தக் கையில்
நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.
போதும் என்று சொல்லவேயில்லை.
பிறகு வானத்திலிருந்து இறங்கியவர்கள்,
மொழிபெயர்ப்பாளனோடு.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று
சிரித்தார்கள் நகரத்தில்.
யூப்ரடீஸின் இரு கரையிலும்
பீரங்கி நின்ற வருடம் அது.
கால் வைக்க வேறெங்கே இருந்தது?

யோக்கியர் என்று சொல்ல வரவில்லை.
எந்த ஆட்சியிலும்
டீசலில் அவர் பங்கு குறையவில்லை.
எனக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.

ஆனால் அந்தக் கர்னலின் அறையில்
கதவோரம் நின்றவன் நான்.
காபியைத் தொடாமல் கீழே வைத்தார்.
கேட்க வந்ததைத் தரும்வரை
குடிப்பதில்லை எங்கள் வழக்கத்தில்.
கர்னலுக்கும் அது தெரிந்திருந்தது.
மிஷ்அலின் உடல், என்றார் ஷேக்.
மகனின் உடலா,
சிறையிலிருக்கும் உங்கள் பதினான்கு பையன்களா,
ஏதாவது ஒன்று, என்றான்.
காபியில் ஆடை படர்ந்தது.
பிறகு
குடித்தார்.

வழியெல்லாம் பையன்கள் உறங்கினார்கள்.
அவர் யாரையும் தொடவில்லை.

போன மாதம் ஆட்சி கவிழ்ந்தது.
விடிகாலை அவர் சுவரில், தாரால்
துரோகி.
அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும்.
"என்ன எழுதியிருக்கு?" என்றார்.
ஆட்டுச் சந்தை அறிவிப்பு, என்றேன்.
விலை கேட்டார்.
ஏதோ சொல்லிவைத்தேன்.

வண்டியை எடு என்றார்.
எந்தப் பிளேட்டை மாட்ட?
புதியவர்கள் இன்னும் அச்சடிக்கவில்லை.
மொட்டையாகவே கிளம்பினோம்.

தூரத்தில் ஒரு கம்பம்.
"நிறம்?" என்றார்.
காற்றில்லை.
துணி சுருண்டு கிடந்தது.
தெரியவில்லை, ஐயா.
பதினோரு வருடத்தில் முதல்முறை
அப்படிச் சொன்னேன்.
போ, என்றார்.