மூன்றாம் வளைவு

ஓருரோவிலிருந்து பஸ்ஸில் வந்தது ரேடியேட்டர்.
வாட்டர் பம்ப்புக்கு கேஸ்கெட் வைக்க மறந்திருந்தார்கள்;
பிஸ்கட் பெட்டியின் அட்டையில் வெட்டிக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டாம் வருடத்து ஷெவர்லே.
பழையதைக் கழற்றிக் கவிழ்த்தால்
துருத் தண்ணீர்,
ஒழுகலை அடைக்க என்றோ நானே கொட்டிய மிளகுத்தூள்.
பம்புக்குள் பாதி இறக்கையைத்
தண்ணீரே தின்றிருந்தது.

பொத்தோசி உயரத்தில் தண்ணீருக்குப் பொறுமை குறைவு,
எண்பத்தேழு டிகிரியிலேயே பொங்கிவிடும்.
வியாழன்தோறும் மூன்றாம் வளைவில் நிற்பேன்.
தகரக் குவளையோடு இறங்கி வருவாள் செனோபியா:
"கிழவிக்கு மறுபடி காய்ச்சலா?"

இன்று முள் நடுவைத் தாண்டவே இல்லை.
வளைவு வந்தது.
நிறுத்தினேன்.
பானெட்டையும் தூக்கி வைத்தேன்.

எட்டிப் பார்த்தாள்.
ஆவி இல்லை. புதுக் கறுப்புப் பெயின்ட்.
சிரிக்காமல்
குவளையை என் பக்கம் நீட்டினாள்:
"அப்போ நீ குடி."