ஊர் இ

வாலிநோக்கத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில்
கடலுக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்திருக்கிறது.
ஆய்வேட்டில் அதற்குப் பெயர் ஊர் இ.
அ-வும் ஆ-வும் உள்ளே, கருவேலங்காட்டுக்குள்.
அவை வேறு கதை.

ஊராட்சி சொல்லும் தண்ணீர்
குடத்துக்குள் வந்து சேர்கிறதா?
இவ்வளவுதான் என் கேள்வி.
தலைப்பில் அது பதினேழு சொல்லாக நீண்டது,
பரவலாக்கம், பங்கேற்பு, சேவை வழங்கல் என்று.

செயலர் பூப்பாண்டி பதிவேட்டை நீட்டினார்.
அட்டையில் போன ஆயுத பூசையின் குங்குமம்.
ஆளுக்கு நாற்பது லிட்டர்
ஆளுக்கு நாற்பது லிட்டர்
தை தொடங்கி மார்கழி வரை
ஒரே நீல மை, ஒரே சாய்வு.
புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லாத வாரத்திலும்
நாற்பது.
"ஆடிட்டுக்கு இதுதாம்மா வேணும்."
பொய் சொல்கிற முகமில்லை.
முப்பத்தொன்பது என்று எழுதினால்
ஒன்றியத்திலிருந்து போன் வரும்.
போனுக்குப் பதில் சொல்ல
அவரிடம் தண்ணீர் இல்லை.

மேல்நிலைத் தொட்டியின் காலடியில், மோட்டார் அறையில்,
ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால்
இன்னொரு நோட்டு இருந்தது.
நாலாம் வகுப்புப் பிள்ளையுடையது.
முதல் ஆறு பக்கம் வாய்ப்பாடு.
ஏழாம் பக்கத்திலிருந்து தண்ணீர்.
வால்வு திறக்கிறவர் எழுதியது.
பெயர் தெரியும். சொல்ல மாட்டேன்.
இங்கே வருகிற மற்ற பெயர்களும் மாற்றியவைதான்,
காற்றின் பெயரைத் தவிர.

   மேலத்தெரு 11 நிமிசம்.
   சோளகம். கடல் கொதிப்பு. லயன்ல காத்து மட்டும்.
   கரண்ட் ராத்திரி 3க்கு வந்துச்சு. ஊரு எந்திரிக்கல.
   பாசிக்குப் போன பொம்பளைக வர்ற வரைக்கும் மூடல. 25.
   ஜொகரா வீட்டுக் கல்யாணம், 20 கூட.
   எதுத்த தெருவுக்கு 20 கொறைச்சது.
   கேட்டாக. பைப் கோளாறுன்னேன்.

படம் எடுத்துக்கொள்ளலாமா என்றேன்.
கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துவிட்டு
நெடுநேரம் வால்வையே பார்த்தார்.
"படிப்புக்கு மட்டும்னா எடுங்க."

இதற்கு எங்கள் துறையில் ஒரு சொல் உண்டு.
கடைநிலை ஊழியர் விருப்புரிமை.
அதை எழுதியதும் கல்யாணப் பந்தல் அதற்குள் அடங்கிவிடுகிறது.
அன்று குளிக்காமல் பள்ளிக்கூடம் போன
எதிர்த்த தெருப் பிள்ளையும்.

அதே எதிர்த்த தெருவில், லூர்தம்மாள்,
நண்டு கம்பெனியிலிருந்து வந்த கையோடு பதில் சொன்னார்:
"பைப் கோளாறு அடிக்கடி வரும்.
அந்தாளு பாவம், ராத்திரியெல்லாம் முழிச்சுப் பாக்குறாரு."
திருப்தி அளவு, ஐந்துக்கு நான்கு.
எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது.
நான்கு என்றே வட்டமிட்டேன்.
பேனா கொஞ்சம் நின்றது, அவ்வளவுதான்.

வழிகாட்டி கேட்டார்:
பதிவேட்டில் முத்திரை இருக்கிறது, நோட்டில் என்ன இருக்கிறது?
பின்னிணைப்பில் போடு,
எழுதியவரிடம் கையெழுத்து வாங்கு.

வாங்கினால் வேலை போகும்.
வேலை என்றால் தற்காலிகம்.
சம்பளம் என்றால் மூன்று மாதப் பாக்கி.

அறையில் உட்கார்ந்து நிமிடங்களை லிட்டராக்கினேன்.
குழாயின் விட்டம், தொட்டியின் உயரம்,
கசிவுக்கு ஒரு கழிவு.
ஆளுக்கு, நாளுக்கு, பதினெட்டு.
கூட்டிய இருபதும் கொறைத்த இருபதும்
சராசரிக்குள் ஒன்றையொன்று தின்றுவிட்டன.
அவர் அப்படித்தான் தப்பித்தார்.
அந்தத் தெருவும் அப்படித்தான் காணாமல் போனது.

பட்டம் வாங்கிய ஆனியில் ஒரு பிரதி கொண்டுபோனேன்.
பூப்பாண்டி அட்டையைத் தடவிப் பார்த்து
பதிவேட்டின் மேலேயே வைத்தார்.
மோட்டார் அறையில் இவர் கேட்டார்,
"நம்ம ஊரு எத்தனாம் பக்கம்?"
அட்டவணை பதினான்கு, மூன்றாம் வரிசை.
நகக்கண்ணில் கிரீஸ் ஒட்டிய விரல்
கட்டம் கட்டமாக நகர்ந்து
கடைசிக் கோட்டில் நின்றது.

"காத்தடிச்ச நாளு எங்க?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
மணி ஐந்தாகிவிட்டது.
இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துத்
திருகினார்.
குழாய் முதலில் இருமியது.